ஃபேஸ் மேட்சிங்: ‘கட்டப் பொருத்தம்’ போதுமா?

வணக்கம். படிகத்தில் லேசர் ஒளியை வேறு நிறமாக்கும்போது அலைகள் கால் பிசகாமல் போகச் செய்வதுதான் ஃபேஸ் மேட்சிங். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்த ‘கட்டப் பொருத்தம்’ பற்றி. ‘கட்டம்’ (ஃபேஸ், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எங்கே நிற்கிறது என்பது) பாடநூல்களில் வேரூன்றிவிட்டது, அது இருக்கட்டும். ‘பொருத்தம்’தான் இடறுகிறது. பொருத்தம் என்பது ஒருமுறை பார்த்து முடிவது. இங்கே படிகத்தின் முழு நீளத்துக்கும் விடாமல் காக்கவேண்டியிருக்கிறது.

இட்டெர்பியம் ஒளியிழை லேசரின் 1064 நானோமீட்டர் ஒளியைப் பச்சையாக்க, அதாவது 532க்குக் கொண்டுவர, லித்தியம் நயோபேட் படிகம் வைக்கிறோம். அதில் அகச்சிவப்புக்கு ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.16, பச்சைக்கு 2.23. பச்சை பின்தங்குகிறது. புதிதாகப் பிறக்கும் பச்சை, முன்பே பிறந்து வந்த பச்சையோடு கால் பிசகுகிறது. சுமார் 3.4 மைக்ரோமீட்டர் தாண்டியதும் புதியது பழையதை அழிக்கத் தொடங்கும்; இன்னொரு 3.4 போனால் மிச்சம் ஏதுமில்லை. 10 மில்லிமீட்டர் படிகம் போட்டும் பச்சை வராததற்கு இதுதான் காரணம். ஆகவே ‘இணைநடை’ என்கிறேன்.

இதன் துணைச்சொற்களும் தானே அமைகின்றன. வாக்-ஆஃப் ‘விலகுநடை’ ஆகும். இதே வேலைக்கான இன்னொரு படிகமான லித்தியம் ட்ரைபோரேட்டை அறை வெப்பநிலையில் கோணம் வெட்டிப் பயன்படுத்தினால் பச்சைக்கற்றை 7 மில்லிரேடியன் அளவுக்குப் பக்கவாட்டில் விலகும். அதே படிகத்தை 149 டிகிரி செல்சியஸ் அருகே வைத்தால் அந்த விலகுநடை இல்லை. ஆனால் 20 மி.மீ. படிகத்தில் ஒரு டிகிரி பிசகினாலே பச்சை பாதியாகும்.

குவாசி ஃபேஸ் மேட்சிங்கை ‘போலி’ என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். அங்கே 3.4 மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை படிகத்தின் முனைவுத் திசையைப் புரட்டி, பிசகிய காலைத் திருத்துகிறார்கள். இப்படித் திருத்துவதில் குணகம் (படிகம் எவ்வளவு வலுவாக நிறம் மாற்றும் என்பதன் அளவு) 2/π மடங்காகக் குறைந்தாலும், லித்தியம் நயோபேட்டின் மிக வலிய குணகத்தைப் பயன்படுத்த முடிகிறது. கிடைக்கும் குணகம் ட்ரைபோரேட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இதில் போலி எங்கே? தவணைதோறும் திருத்துவதால் ‘தவணை இணைநடை’.

—

‘இணைநடை’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒளியிழைக்குள்ளேயே நடக்கும் நான்கலைக் கலப்பை எண்ணிப்பாருங்கள்: உள்ளே செலுத்தும் இரண்டு பம்ப் அலைகளின் ஆற்றல் வேறு இரண்டு அலைகளுக்குப் போகிறது. நான்கு அலைகளும் ஒரே வேகத்தில் போவதில்லை. பம்ப் அலைகள் இரண்டின் அலைத்திசையன் (நீளத்துக்கு எவ்வளவு கட்டம் கூடுகிறது என்பதன் அளவு) கூட்டுத்தொகை மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கு ஈடாகவேண்டும். பம்ப் திறனால் வரும் நேரியலற்ற பங்கையும் அதில் சேர்க்கவேண்டும். யாரோடு யார் இணைந்து நடக்கிறார்கள்? இன்னொன்று: ஒளி தன் ஆற்றலில் ஒரு பங்கை இழையின் அணு அதிர்வுகளுக்குக் கொடுக்கும் ராமன் பெயர்ச்சியில் 1064 சுமார் 1116 ஆகிறது, அதற்கு இந்த நிபந்தனையே தேவையில்லை. மாணவர் எல்லா அலைநீள மாற்றத்துக்கும் ‘நடை’ தேடப்போகிறார்.

—

நல்ல கேள்வி. அலைகளையே நான் ஜோடி சேர்த்துச் சொன்னது தவறு. பம்ப் அலைகள் ஊடகத்தில் ஒரு முனைவாக்கத்தை, அதாவது மின்னூட்டங்களின் அசைவை, தூண்டுகின்றன. புதிய அலையைப் பிறப்பிப்பது அதுதான். அந்தத் தூண்டலும் பிறந்த அலையும் கால் பிசகாமல் போகவேண்டும். பச்சையிலும் இதே கதை, நான்கலைக் கலப்பிலும் இதே கதை. ராமனில் தூண்டல் புதிய அலையின் கட்டத்தையே பின்பற்றுவதால் இணைநடை தானாக அமைகிறது. ‘தேவையில்லை’ என்பதைவிட இது துல்லியம்.

நீங்கள் சொன்னதை ஏற்றுக் கலைச்சொல் பதிவில் ‘கட்ட இணைநடை’ என்றே போடலாம், சுருக்கமாக ‘இணைநடை’. விளக்கம்: தூண்டப்பட்ட முனைவாக்கமும் அதனால் பிறக்கும் அலையும் ஊடகம் நெடுக ஒரே கட்ட உறவைக் காத்தல்.

ஆய்வகத்துக்கும் இது உதவும். பச்சை ஏறாதபோது எல்லோரும் வெப்பநிலையைத்தான் திருகுகிறார்கள். பல வேளை குற்றம் படிகத்தில் இல்லை: லேசர் ஒளியின் திறனைக் கூட்டும் பெருக்கி இழையில் தன்கட்டப் பண்பேற்றத்தால் (ஒளி தன் செறிவாலேயே தன் கட்டத்தை மாற்றிக்கொள்வது) நிறமாலை விரிந்து, படிகம் ஏற்கும் அகலத்தைத் தாண்டியிருக்கும். நடுப்பகுதி இணைநடையில் இருக்க, ஓரங்கள் பிசகிவிடுகின்றன. வெப்பநிலையை மாற்றினால் இணைநடை வேறொரு பகுதிக்கு நகரும், மொத்தம் ஏறாது. இழையின் நீளத்தைக் குறைக்கவேண்டும், அல்லது குட்டைப் படிகத்துக்கு மாறவேண்டும்.

விலகுநடையை மட்டும் இரண்டாகப் பிரித்துவிடுவோம்: கற்றைகள் பக்கவாட்டில் பிரிந்தால் ‘இட விலகுநடை’, குறுந்துடிப்புகள் ஒன்றையொன்று முந்தினால் ‘கால விலகுநடை’.