முடி பிடுங்கும் பழக்கத்திற்குக் குழு சிகிச்சை பயன் தருமா?

கேள்வி:
பன்னிரண்டு வயதில் தொடங்கிய பழக்கம். இப்போது எனக்கு 31 வயது. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்திற்கு முடியே இல்லை. படிக்கும்போது கை தானாக மேலே சென்று, மற்றவற்றைவிடச் சொரசொரப்பான ஒரு முடியைத் தேடிப் பிடித்து, வேரோடு இழுத்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. மனநல மருத்துவர் இதை ட்ரைகோட்டிலோமேனியா என்று கூறி, எட்டுப் பேர் கொண்ட குழு சிகிச்சையில் சேரச் சொல்கிறார். வீட்டாரிடமே மறைத்து வந்ததை முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிச் சொல்வது? தவிர, பிறர் இதைப் பற்றிப் பேசக் கேட்டால் என் கையும் துறுதுறுக்காதா?

பதில் 1:
துறுதுறுக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. என் முதல் அமர்வில், பிடுங்கிய முடியின் வேரை உதட்டில் வைத்துத் தேய்ப்பதாக ஒருவர் சொன்னபோது என் கை காதோரம் போய்விட்டது. நான் உணர்வதற்கு முன்பே எதிரில் இருந்தவர் அதைக் கவனித்துத் தம் கையைச் சற்றே உயர்த்திக் காட்டினார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருபது ஆண்டுகளில் இந்தப் பழக்கத்தை முன்னிட்டு நான் சிரித்தது அன்றுதான். தலைத்துணியை அகற்றும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை; நான்காம் அமர்வில் நானாகவே அகற்றினேன்.

பதில் 2:
நான் உளவியல் ஆலோசகர். சேரும் முன், அந்தக் குழுவில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மனம் விட்டுப் பேசுவதற்கு மட்டுமான குழு ஒன்று. பழக்க மாற்றுப் பயிற்சி தரும் குழு வேறு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், பயிற்சி தந்த குழுவில்தான் முடி பிடுங்குவது கூடுதலாகக் குறைந்தது. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த அந்தப் பயிற்சியின் முதற்படி கவனித்தல்: எந்த நேரம், எந்த இடம், எந்தக் கை, அதற்குச் சற்று முன் மனத்தில் இருந்தது சலிப்பா பதற்றமா என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, கை எழும் கணத்திலேயே விரல்களை இறுக மூடி, உந்துதல் தணியும்வரை அப்படியே வைத்திருப்பது. உங்களைப் போல் அறியாமல் பிடுங்குபவர்களுக்கு முதற்படியே பெரும்பாடு. அங்கேதான் பிறர் கண்கள் உதவுகின்றன. வெட்கத்தைப் பற்றி ஒன்று: இதற்கு 1889லேயே பெயர் சூட்டிவிட்டார் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஹலோப்போ. நூறு பேரில் ஓரிருவருக்கு இது இருப்பதாகக் கணிக்கிறார்கள்; ஆயினும் பெரும்பாலோர் தமக்கு மட்டுமே இருப்பதாக நம்புகிறார்கள்.

பதில் 3:
மேலே உள்ளவற்றை மறுக்கவில்லை. ஆனால் அமர்வுகள் முடிந்த பின் வருவதையும் சொல்ல வேண்டும். பத்து வாரம் நன்றாக இருந்த நான், நான்காவது மாதத்தில் ஒரே இரவில் புருவம் முழுவதையும் இழந்தேன். இடையில் நான் குறிப்பேட்டை மூடி வைத்திருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. மீண்டும் தலைதூக்குவது இதில் சாதாரணம். ஆகவே தொடர் அமர்வுகள் உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பிடுங்கிய முடியை விழுங்கும் வழக்கமும் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அது வயிற்றில் உருண்டையாகத் திரண்டு அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
விழுங்குவதில்லை. இன்று மருத்துவரிடம் கேட்டேன்: பயிற்சிக் குழுதான், முடிந்த பின் மாதம் ஓர் அமர்வு உண்டாம். குறிப்பேட்டையும் இன்றே தொடங்கிவிட்டேன். இந்தப் பதில்களைப் படித்து முடிப்பதற்குள் அதில் மூன்று பதிவுகள், மூன்றுமே இடக்கை. நான் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் இதுவரை இடக்கையைச் சந்தேகித்ததே இல்லை.