மறக்க முடியாத அறிவியல் புனைகதைத் தருணம்: உங்களுக்கு எது?

வால்நட்சத்திரம்:
சுழலும் விண்கலம், ஆரம் 10 மீட்டர், சுழற்சிதான் ஈர்ப்பு. தெரிந்த ஏற்பாடுதான். கதாநாயகி கையிலிருந்து கோப்பை நழுவி நேராகக் காலடியில் விழுந்து உடைகிறது. மற்றதெல்லாம் மறந்தும் இந்த ஒரு வரி உறுத்துகிறது. அது காலடியில் விழாது! கையை விட்டதும் கோப்பை நேர்கோட்டில் போகும், தரையோ வளைந்து முந்திவிடும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சுமார் 65 செ.மீ. தள்ளி விழும். பூமியில் உள்ள அதே எடை வேண்டுமென்றால் அந்தக் கலம் நிமிடத்துக்கு ஒன்பதரைச் சுற்று சுற்ற வேண்டும், தலையைத் திருப்பினாலே குமட்டும். ஆரம் 224 மீட்டர் என்றால் 2 சுற்றே போதும், விலகலும் 12 செ.மீ.தான்.

உண்மையில் அந்தத் தவறுக்குள்ளேயே ஒரு நல்ல கதை இருக்கிறது. அந்தக் கலத்தில் பிறந்து வளர்ந்த குழந்தை பூமிக்கு வந்து பந்து பிடிக்கக் கை நீட்டினால், கை எந்தப் பக்கம் போகும்?

செவ்வாய்வாசி:
எனக்குச் செவ்வாய்த் தொலைபேசி. ஒளி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும்போது கணவன் மனைவி வெடுக் வெடுக்கென்று பதில் பேசுகிறார்கள். தூரம் 20 நிமிடம் என்று வையுங்கள். இங்கிருந்து "மன்னிச்சிடு", அங்கிருந்து "இனிமே பேசாதே", இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் பத்தாவது நிமிடம் நடுவழியில் ஒன்றையொன்று கடக்கும். அந்தக் கணத்தை ஏன் எழுதவில்லை? போதாக்குறைக்கு, ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வந்து இரண்டு வாரம் தொடர்பே சரியாக இருக்காது.

எழுதும்போது இரண்டு பத்தி போட்டு, அனுப்பிய நேரம், கிடைத்த நேரம் இரண்டையும் குறியுங்கள். இல்லாவிட்டால் வந்து சேராத செய்திக்கு யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

பழையபேனா:
வால்நட்சத்திரம், 65 செ.மீ.யை எந்த வாசகரும் அளக்கப் போவதில்லை. கணக்கு பிறகு, முதலில் ஆள். ஐடியா கிடைக்கவில்லை என்பவர்கள் தகவலைச் சேர்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தகவலுக்குப் பக்கத்தில் "இதனால் யாருக்கு நஷ்டம்?" என்று எழுதுங்கள். நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. அப்படியானால் ஒருநாள் முழுச் சூரிய கிரகணமே இருக்காது. கடைசிக் கிரகணத்தைப் பார்க்கப் புறப்பட்டு, வழியில் வண்டி பழுதாகி நிற்பவர் யார்? அவர்தான் கதை.

2,000 சொல்லுக்குள் என்றால் ஒரு கற்பனை அனுமானம், இரண்டு பேர், ஒரே இடம். இரண்டாவது அனுமானம் வந்தால் அதை அடுத்த கதைக்கு எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாச் சிக்கலையும் புதுக் கருவியே தீர்த்துவிடும், பதற்றம் போய்விடும். முதல் பத்தியில் கருவியை விளக்கவே வேண்டாம். பிரிட்ஜைத் திறப்பவர் அது எப்படிக் குளிர்கிறது என்றா சொல்லிக்கொண்டிருப்பார்? அது பழுதாகட்டும், அப்போது வாசகருக்குத் தானாகப் புரியும்.

இரவுவாசகி:
பழையபேனா, ஆள் முதலில் என்பது சரி, கணக்கு பிறகு என்பது சரியில்லை. "என் இரண்டு நிழல்களில் மங்கலானது முதலில் மறைந்தது" என்று ஒரு கதை தொடங்கினால், இரண்டு சூரியன் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. படிக்கும் சுகமே அதுதான். கெப்ளர்-16பி என்ற கோள் இரண்டு விண்மீன்களைச் சுற்றுவதாக 2011இல் அறிவித்தார்கள். அதில் சிறியது மிக மங்கல். ஆக, "மங்கலானது" என்ற ஒரு சொல்லைக் கொடுத்ததே கணக்குதான்.

புதிதாகப் படிப்பவர்கள் புரியாத சொல்லில் நிற்காமல் கடைசிவரை போய்விடுங்கள். இரண்டாவது முறை, முதல் பக்கத்தில் எந்த வரி குறிப்புக் கொடுத்தது என்று தேடுங்கள்.

செவ்வாய்வாசி:
அந்த 65 எப்படி வந்தது?

வால்நட்சத்திரம்:
கை மையத்திலிருந்து 8.5 மீ., தரை 10 மீ. கோப்பை போகும் நேர்கோடு: 100இலிருந்து 72.25ஐக் கழித்து வர்க்கமூலம், 5.27 மீ. அதை 8.5ஆல் வகுத்தால் 0.62 ரேடியன், அதற்குள் தரை சுழன்ற கோணம். கோப்பை கடந்த கோணம் 0.555. வித்தியாசம் 0.065, ஆரம் 10 மீட்டரால் பெருக்குங்கள்.