மெஷ் சின்னதாக ஆக ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகிறது

வணக்கமுங்க. கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். எஃகுத் தண்டில் டங்ஸ்டன் கார்பைடு டிப்பை வெள்ளி பிரேசிங் (வெள்ளிக் கலவையை உருக்கி ஒட்டுவது) போட்டுத் தருகிறோம். மூன்று வாரமாகச் சில டிப்புகள் ஆறிய பிறகு, ஒட்டிய ஓரத்திலிருந்து விரிசல் விடுகின்றன. காரணம் புரிகிறது: எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் சுருங்கும், கார்பைடு அதில் பாதிதான். எவ்வளவு ஸ்ட்ரெஸ் (பொருளுக்குள் ஏறும் தகைவு) என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆன்சிஸ் என்ற கணக்கீட்டு மென்பொருளில் 2டி மாடல். தண்டு 20 மி.மீ., டிப் 4 மி.மீ., நடுவில் 0.1 மி.மீ. பிரேசிங் அடுக்கு. 620 டிகிரி செல்சியஸில் ஸ்ட்ரெஸ் சுழி என்று வைத்து 30 வரை ஆறவிடுகிறேன். ஓரத்தில் மெஷ் (மாடலைப் பிரிக்கும் சின்னக் கட்டங்கள்) 0.1 மி.மீ. என்றால் 420 மெகாபாஸ்கல், 0.05-க்கு 485, 0.025-க்கு 560. நிற்கவே மாட்டேன் என்கிறது.

பிரேசிங் அடுக்குக்குப் பிளாஸ்டிசிட்டி (நிரந்தரமாக உருமாறும் தன்மை) கொடுத்தேன்; கொஞ்சம் இறங்கியது, அப்புறம் பழைய கதைதான். டிப்பின் மூலையை வளைத்தும் பார்த்தாயிற்று, உச்சம் இணைப்புக் கோட்டின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பொருள் சேரும் விளிம்பில் சிங்குலாரிட்டி வரும், மீள்தன்மைக் கணக்கில் அங்கே ஸ்ட்ரெஸுக்கு எல்லையே இல்லை என்று படித்தேன். சரி, மெஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் கார்பைடின் வலிமையோடு ஒப்பிட, விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ள ஸ்ட்ரெஸை எடுக்கிறீர்கள்?