கொம்பிறெசன் பார்க்க விடாதவரிடம் ஜீப் வாங்கலாமா?

நல்லூரான்:
சாவகச்சேரியில் 1996ஆம் ஆண்டுப் பஜிரோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2.8 லீற்றர் 4எம்40 டீசல் எஞ்சின். விலையோ 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் ஏறிய விலை. கொம்பிறெசன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்க்கக் கேட்டபோது, மீற்றரைப் பொருத்துவதற்காகக் குளோ பிளக்கை (ஆறிய எஞ்சினைப் பற்றவைக்க உதவும் சூடேற்றியை) கழற்றினால் முறிந்துவிடும் என்று கூறி உரிமையாளர் மறுத்துவிட்டார். இம்மறுப்பு நியாயமானதா, அல்லது எதையோ மறைக்கிறாரா?

வடமராட்சி டீசல்:
விலகிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து, அது துள்ளுகிறதா என்று பார்ப்பதையே நம்மவர்கள் பெரிய சோதனையாக எண்ணுகிறார்கள். ரேர்போ டீசலில் அவ்வழியே ஓரளவு காற்று வருவது இயல்பு. எவ்வளவு வந்தால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது என்று கண்ணால் அளந்து சொல்ல எவராலும் முடியாது. தடித்த ஒயிலை ஊற்றி, ஒயில் எரிவதால் வரும் நீலப் புகையையும் சில நாட்களுக்கு அடக்கிவைக்கலாம். நான் முன்னர் வாங்கிய வாகனத்தில் ஒயில் பொன்னிறமாக இருந்தது. டீசல் எஞ்சினில் ஒயில் மிக விரைவிலேயே கறுத்துவிடும் என்பதால் அது அன்றோ முதல் நாளோ மாற்றப்பட்டது என்று விளங்கியிருக்க வேண்டும்; நானோ நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று மகிழ்ந்தேன்!

கோண்டாவில் கராச்:
மறுப்பை மட்டும் வைத்து அவரைக் கள்ளனாக்க வேண்டாம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) இறுகிக்கிடக்கும் குளோ பிளக் முறிந்தால், சில வேளைகளில் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். வாங்குவாரா என்று தெரியாத ஒருவருக்காக அந்தச் செலவை யார் தலையில் போட்டுக்கொள்வார்? கழற்றாமலும் வழியுண்டு. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்ரருக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் கருவிக்கு) வரும் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தினால், நல்ல சிலிண்டர் நிற்கும்போது எஞ்சின் தடுமாறும். எதைத் தளர்த்தியும் ஓட்டம் மாறவில்லையோ அதுதான் பழுதான சிலிண்டர். (பீறிடும் டீசல் தோலைத் துளைக்கக்கூடியது, பழகிய மெக்கானிக்கே இதைச் செய்யட்டும்.)

வடமராட்சி டீசல்:
அந்தச் சிலிண்டர் வேலைசெய்யவில்லை என்பதை அது காட்டும். குற்றம் இன்ஜெக்ரரிலா, வால்விலா, ரிங்கிலா என்பதைக் காட்டாது. நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் நான்கிலும் ஒரே தடுமாற்றந்தான் தெரியும், நீங்களும் எஞ்சின் நலம் என்பீர்கள்.

கோண்டாவில் கராச்:
நான்கும் ஒன்றாகத் தேய்ந்த எஞ்சின் விடியற்காலையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இரவு முழுவதும் ஆறிக்கிடந்த எஞ்சின் நெடுநேரம் சுற்றியபின் பற்றி, பல நிமிடங்கள் வெள்ளைப் புகை விட்டால், ஒன்றில் குளோ பிளக் வேலைசெய்யவில்லை, அல்லது கொம்பிறெசன் இறங்கிவிட்டது. நுவரெலியாவில் குளிரைச் சாட்டாகச் சொல்லலாம். யாழ்ப்பாணத்து வெப்பத்தில் அந்தச் சாட்டு எடுபடாது. 4எம்40இல் இருப்பது பெல்ற் அல்ல, ரைமிங் செயின் (வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி). அது தளர்ந்திருந்தால் அந்நேரத்திலேயே கலகலப்பும் கேட்கும்.

தீவகத்தான்:
இருவரும் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டப்பட்டவை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம், கிணற்று நீர் ஊற்றிய றேடியேற்றருக்குள்ளும் படியும். குடாநாட்டில் ஏற்றமே இல்லாததால் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடும் வாகனம் சூடேறாது. மலைநாட்டுக்குப் போகும் அன்றுதான் ஹெட் வெடிக்கும். ஏசியைப் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் கொடிகாமத்திலிருந்து ஆனையிறவு வரையும் திரும்பியும் வேகமாக ஓட்டிப் பாருங்கள். மறுநாட் காலையில், எஞ்சின் முற்றாக ஆறிய பின்னரும் றேடியேற்றரின் மேற்குழாய் விறைப்பாக இருந்தால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

வடமராட்சி டீசல்:
இதை ஏற்கிறேன். கொம்பிறெசன் மீற்றரிலும் சிறு வெடிப்புத் தப்பிவிடலாம். ஆனால் மீற்றர் வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது.

நல்லூரான்:
இன்று காலை ஆறு மணிக்குச் சென்றேன். நேற்றிரவே தொலைபேசியில் அறிவித்திருந்தேன். பொனற்றில் கை வைத்தபோது சூடாக இருந்தது. மகனை வகுப்பில் விட்டுவந்ததாக உரிமையாளர் சொன்னார். எஞ்சின் உடனே பற்றியது, புகை இல்லை.

வடமராட்சி டீசல்:
ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு முன்னர் என்ன வகுப்பு?

கோண்டாவில் கராச்:
ரியூசனுக்கு எங்கள் ஊரில் நாளும் நேரமும் உண்டா? அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். எப்படியாயினும் உங்கள் சோதனை இன்னும் நடக்கவில்லை, தம்பி. இம்முறை அறிவிக்காமல் போங்கள்.

நல்லூரான்:
வியாழக்கிழமை ஐந்தரைக்குப் படலையில் நிற்பேன். குளோ பிளக் முறிந்தால் செலவை நானே ஏற்பேன் என்று எழுதிக் கொடுக்கவும் எண்ணியிருக்கிறேன். அதற்கும் மறுத்தால் வடமராட்சி நண்பர் சொன்னபடி விலகிவிடுவேன்.