லாட்டரி பரிசு கவுண்டரைத் திரும்பத் திறக்கிறோம், என்னென்ன கவனிக்க வேண்டும்? (மே 2020)

சித்தூர்க்காரன்:
வணக்கம். கேரளத்தில் ஒரு லாட்டரி அலுவலகத்தில் பரிசு விழுந்த சீட்டுகளை வாங்கிக்கொள்ளும் கவுண்டரில் இருக்கிறேன். ஊரடங்கில், மார்ச் கடைசியில் பூட்டியது. இப்போது திறக்கச் சொல்லிவிட்டார்கள். சின்ன ஹால், ஒரே ஜன்னல். போன் செய்கிறவர்கள் எல்லாரும் "குலுக்கல் முடிந்து 30 நாள் கெடு தாண்டிப் போச்சே, பணம் வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். முதல் நாளே மொத்தமாக வந்து நிற்பார்கள் போலிருக்கிறது. சீட்டின் மேல் சானிடைசர் அடித்து வாங்கலாமா? இல்லை, வாசலில் ஒரு பெட்டி வைத்துப் போடச் சொல்லலாமா?

பழைய கருவூலம்:
சீட்டின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது தம்பி. நம்பரோ கையெழுத்தோ கலங்கினால் அப்புறம் அந்தச் சீட்டே சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். பெட்டியும் வேண்டாம். போட்டேன், போடவில்லை என்று வழக்கு வந்தால் யார் பதில் சொல்வது? பின்பக்கம் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் வெளியிலேயே போட்டுவிட்டு, அவரவர் பேனாவோடு வரட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சீட்டைக் காட்டச் சொல்லி, நம்பரைச் சத்தமாகப் படித்துப் பதிவேட்டில் ஏற்றி, ரசீதைக் கொடுத்த பிறகு கவரில் போடுங்கள். சீட்டைத் தொட்ட கையை உடனே சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.

கூட்டத்தைக் கூட்டுவது அந்தத் தேதி பயம்தான். எந்தத் தேதி வரை சீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று லாட்டரி இயக்குநரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி, திறப்பதற்கு முன்பே கேட்டில் மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டிவிடுங்கள். பிறகு டோக்கன், நேரம் போட்டுக் கொடுத்தால் வேலை செய்யும். தேதியைச் சொல்லாமல் டோக்கன் கொடுத்தால் டோக்கனுக்கே அடிதடிதான்.

ஏஜென்ட்:
5,000 ரூபாய் வரை பரிசு என்றால் லாட்டரிக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், 1 லட்சத்துக்கு மேல் என்றால் திருவனந்தபுரம். இதையும் அதே நோட்டீஸில் பெரிதாக எழுதுங்கள் சார். பாதிப் பேர் கேட்டிலேயே திரும்பிவிடுவார்கள்.

கட்டடப் பராமரிப்பு:
ஆளை மட்டும் பார்க்காதீர்கள், கட்டடத்தையும் பாருங்கள். தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் திறந்து விட்டு, தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாயையும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். தேங்கிய தண்ணீரில் நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி வளரும். பூட்டிய ஆபீஸில் எலிதான் அதிகாரி, மெயினைப் போடுவதற்கு முன் ஒயரைப் பாருங்கள். ஏசியை மறந்துவிட்டு ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டிவிட்டால் நல்லது. தரைக்கு 1 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச் கரைசல்). அதோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், துப்புரவுக்கு வருகிறவரிடம் இதை வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

சித்தூர்க்காரன்:
நன்றி. பெட்டி யோசனையை விட்டுவிட்டேன். இன்னொன்று: கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்து இங்கே வந்து சீட்டு வாங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள். ஊரடங்கு பாஸ் இல்லாமல் வாளையார் எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாதே?

பழைய கருவூலம்:
பெரிய பரிசு என்றால் வங்கி வழியாகக் கொடுக்கலாம், அலைய வேண்டாம். சீட்டின் இரண்டு பக்கத்தையும் முதலில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்னத் தொகைக்காரர்களுக்கு அந்தக் கடைசித் தேதிதான் முக்கியம், இயக்குநரகத்துக்கு எழுதும்போது அவர்களையும் சேர்த்தே கேளுங்கள்.