டெக்சாஸில் பையர் ஏஜென்ட் இல்லாமல் ரீசேல் வீடு: 2.5 சதவீதம் உண்மையிலேயே மிஞ்சுமா?

வாடகைக்காலம் (கேள்வி)

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, மெக்கின்னி பக்கம் 5 லட்சம் டாலர் அளவில் ரீசேல் வீடு பார்க்கிறோம். எச்-1பி விசா, 10 சதவீதம் டவுன் பேமென்ட், கன்வென்ஷனல் லோன் (அரசுக் காப்பீடு இல்லாத சாதாரண வீட்டுக்கடன்), ப்ரீ-அப்ரூவல் ரெடி. வீடு தேடுவது, ஓப்பன் ஹவுஸ் போவது எல்லாம் நாங்களேதான் செய்கிறோம். அப்படியிருக்க பையர் ஏஜென்ட் எதற்கு? எனக்குத் தெரிய வேண்டியது:

1. ஏஜென்ட் இல்லை என்றால் அவருக்குப் போகும் 2.5 சதவீதக் கமிஷன், அதாவது 12,500 டாலர், விலையில் குறையுமா?
2. கான்ட்ராக்டை யார் எழுதுவது?
3. ஏஜென்ட் இல்லாதவர்கள் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்?

ஸ்கெட்யூல்_பி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தானாகக் குறையாது. கமிஷன் என்பது விற்பவருக்கும் அவருடைய ஏஜென்டான லிஸ்டிங் ஏஜென்டுக்கும் நடுவே ஏற்கெனவே கையெழுத்தான விஷயம். சில லிஸ்டிங் ஒப்பந்தங்களில், வாங்குபவருக்கு ஏஜென்ட் இல்லாவிட்டால் லிஸ்டிங் ஏஜென்டுக்கே கூடுதலாக ஒரு சதவீதம் என்று இருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் விட்டுக்கொடுத்தது அவர் பைக்குத்தான் போகிறது. 2024 ஆகஸ்ட் 17 முதல், பையர் ஏஜென்டுக்கு எவ்வளவு தரப்படும் என்பதை எம்எல்எஸ்ஸில் (ஏஜென்டுகள் வீடுகளைப் பட்டியலிடும் தளம்) போடக் கூடாது. அதனால் லிஸ்டிங்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்கத்தான் வேண்டும். ஆஃபர் போடும் முன்பே ஈமெயிலில் ஒரு வரி: "எனக்கு ஏஜென்ட் இல்லை. இந்த விற்பனையில் நீங்கள் பெறும் கமிஷன் அதனால் அதிகமாகுமா?" நேராகப் பதில் வராவிட்டால் அதிகமாகும் என்றே கணக்குப் போடுங்கள்.

அவர் கமிஷன் அதிகமாகாது என்றால் பேரம் பேச இடம் உண்டு. விற்பவர் பார்ப்பது கடைசியில் கைக்கு வரும் தொகையை. இன்னொரு ஆஃபரில் பையர் ஏஜென்டுக்கு 12,500 கேட்டிருந்தால், அது இல்லாத உங்கள் ஆஃபர் அவ்வளவுக்கு மேல். அதை கவர் லெட்டரில் எண்ணாக எழுதிக் காட்டுங்கள்.

அந்தத் தொகையை எப்படி வாங்குவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விலையைக் குறைத்து 4,87,500 ஆக்கினால் டவுன் பேமென்டில் மிஞ்சுவது 1,250 மட்டும். மீதி 11,250 லோனில் குறையும். 6.5 சதவீத வட்டி, 30 வருடம் என்றால் மாதம் 71 டாலர் சொச்சம். அதுவே விலையை 5 லட்சத்திலேயே வைத்து 12,500ஐ செல்லர் கிரெடிட்டாக (விற்பவர் உங்கள் செலவுக்குத் தரும் தொகை) வாங்கினால், வீடு கைமாறும் க்ளோசிங் அன்று கட்ட வேண்டிய பணம் அவ்வளவு குறையும். டிஆர்இசி (டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன்) கான்ட்ராக்டில் 12ஆம் பத்தி அதற்குத்தான்.

கிரெடிட்டுக்கு மூன்று தடைகள் உண்டு. ஒன்று, கன்வென்ஷனல் லோனில் உச்சவரம்பு: டவுன் பேமென்ட் 10 சதவீதம் என்றால் விலையில் 6 சதவீதம் வரை, அதற்குக் கீழே போட்டால் 3 சதவீதம்தான். இரண்டு, உண்மையான க்ளோசிங் செலவையும் ப்ரீபெய்டையும் (முன்கூட்டியே கட்டும் வரி, இன்சூரன்ஸ்) தாண்டினால் மீதி உங்களுக்கு வராது. செலவு 10,000தான் என்றால் 2,500 போச்சு. அதை டிஸ்கவுன்ட் பாயின்ட்டில் போட்டு வட்டியைக் குறைக்க முடியுமா என்று லெண்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூன்று, அப்ரைசல் (லெண்டர் எடுக்கும் வீட்டு மதிப்பீடு) 5 லட்சத்துக்கு வர வேண்டும்.

விலை சரியா என்று பார்ப்பது டெக்சாஸில் கொஞ்சம் கஷ்டம். இங்கே விற்ற விலையை அரசிடம் தெரிவிக்கக் கட்டாயம் இல்லை. கவுன்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் இருப்பது வரிக்கான மதிப்பு, விற்ற விலை அல்ல. வலைத்தளங்கள் காட்டும் மதிப்பீடும் அரைகுறைத் தகவலில் போட்டதுதான். விலையில் சந்தேகம் இருந்தால், லைசென்ஸ் உள்ள அப்ரைசருக்குத் தனியாகப் பணம் கட்டி ஆஃபருக்கு முன்பே ஒரு மதிப்பீடு வாங்கலாம். லெண்டர் அதை ஏற்க மாட்டார், அது உங்கள் தெளிவுக்கு.

அஞ்சுமணிக்கெடு

இரண்டாவது கேள்வி. டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் தளத்தில் ஒன் டு ஃபோர் ஃபேமிலி ரெசிடென்ஷியல் கான்ட்ராக்ட் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அது லைசென்ஸ் உள்ளவர்களுக்காக எழுதப்பட்ட படிவம். நீங்களாக நிரப்பி அனுப்பாமல் ஃப்ளாட் ஃபீக்கு (ஒரே நிலையான கட்டணம்) ஒரு ரியல் எஸ்டேட் வழக்கறிஞரைப் பிடித்து ஆஃபரை எழுத வையுங்கள். டெக்சாஸில் க்ளோசிங்கை டைட்டில் கம்பெனியே (சொத்துரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் நிறுவனம்) நடத்தும், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. அதனால் நீங்கள் வைத்துக்கொண்டால்தான் உண்டு. லிஸ்டிங் ஏஜென்ட் "நானே நிரப்பித் தருகிறேன்" என்பார். நிரப்பட்டும், தப்பில்லை. ஆனால் அவர் விற்பவரின் ஆள். உங்களால் எவ்வளவு வரை போக முடியும், வாடகை லீஸ் எப்போது முடிகிறது என்பதெல்லாம் அவர் காதுக்குப் போகக் கூடாது. ப்ரீ-அப்ரூவல் கடிதத்திலும் லெண்டர் தரும் உச்சத்தொகையைக் காட்டாமல், ஆஃபர் தொகைக்கு மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: தேதி. ஏஜென்ட் உருப்படியாகச் செய்யும் வேலையே காலண்டர் பார்ப்பதுதான்.

எஃபெக்டிவ் டேட் (கான்ட்ராக்ட் நடைமுறைக்கு வரும் நாள்) பூஜ்யம், மறுநாள்தான் 1. மூன்று நாளுக்குள் ஆப்ஷன் ஃபீயும் (விலகும் உரிமைக்கான கட்டணம்) எர்னஸ்ட் மணியும் (முன்பணம்) டைட்டில் கம்பெனியில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள் வரை நீளும். ஆப்ஷன் ஃபீ தாமதமானால், காரணமே சொல்லாமல் விலகும் உரிமை போய்விடும். வந்து சேரும் பணம் முதலில் ஆப்ஷன் ஃபீக்கு, பிறகுதான் எர்னஸ்ட் மணிக்கு என்று வரவு வைக்கப்படும்.

ஆப்ஷன் பீரியட், அதாவது காரணம் சொல்லாமல் விலகக்கூடிய காலம், முடிவது கடைசி நாள் மாலை 5 மணிக்கு. எஃபெக்டிவ் டேட் மார்ச் 4, ஆப்ஷன் 7 நாள் என்றால் மார்ச் 11 மாலை 5. அன்று ஞாயிறாக இருந்தாலும் நீளாது. பணம் கட்டும் சலுகையை இதற்கும் சேர்த்துப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. ரிப்பேர் பேச்சு முடியவில்லை என்றால் நீட்டிப்பை அமெண்ட்மென்ட்டாக இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அந்த 5 மணிக்குள் முடிக்க வேண்டும். "பேசிக்கிட்டு இருக்கோம்" என்ற டெக்ஸ்ட் மெசேஜ் செல்லாது.

அடுத்தது தேர்ட் பார்ட்டி ஃபைனான்சிங் அடெண்டம் (லோன் பற்றிய இணைப்புப் படிவம்). அதில் எழுதிய நாட்களுக்குள் லோன் கிடைக்கவில்லை என்று எழுத்தில் தெரிவிக்காவிட்டால், லோன் விஷயத்தில் உங்கள் பாதுகாப்பு முடிந்தது; பிறகு லோன் மறுக்கப்பட்டால் எர்னஸ்ட் மணிக்கு ஆபத்து. எச்-1பி என்றால் விசா ஆவணச் சரிபார்ப்பில் அண்டர்ரைட்டர் (லோனை ஆராய்ந்து ஒப்புக்கொள்பவர்) இழுக்கலாம், நாட்களைத் தாராளமாகக் கேளுங்கள். கன்வென்ஷனல் கைவிட்டால் எஃப்எச்ஏ (அரசுக் காப்பீடுள்ள லோன்) இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2025 மே 25 முதல் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

டைட்டில் கமிட்மென்ட் (டைட்டில் இன்சூரன்ஸ் பாலிசிக்கான முன்வரைவு) வந்ததும் ஸ்கெட்யூல் பி, சி இரண்டையும் வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். பி என்பது பாலிசி காக்காத விஷயங்கள், சி என்பது க்ளோசிங்குக்கு முன் தீர வேண்டியவை. ஆட்சேபம் சொல்லவும் நாள் கணக்கு உண்டு. டைட்டில் பிரீமியம் மாநில அரசு நிர்ணயித்தது, எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். பாலிசியில் "ஷார்ட்டேஜஸ் இன் ஏரியா" விலக்கைத் திருத்த பிரீமியத்தில் 5 சதவீதம் கூடுதலாகும், வேலி எல்லைத் தகராறுகளுக்கு அது உதவும். சர்வே பழையதாக இருந்தால் விற்பவரிடம் டி-47 பிரமாணப் பத்திரமும் (சர்வேக்குப் பிறகு மாற்றம் எதுவும் இல்லை என்பதற்கு) கேட்டு வாங்குங்கள். நடுவில் நீச்சல் குளமோ ஷெட்டோ கட்டியிருந்தால் பழைய சர்வே ஓடாது.

களிமண்தரை

இன்ஸ்பெக்டரை லிஸ்டிங் ஏஜென்ட் கைகாட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஆப்ஷன் பீரியட் 7 நாளுக்குக் குறையக் கூடாது. ஜெனரல் இன்ஸ்பெக்ஷன் முதல் 2 நாளில் முடிந்தால்தான் அடுத்த ஆளைக் கூப்பிட நேரம் இருக்கும். டாலஸ் பக்கத்துக் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், ஃபவுண்டேஷன் அதோடு ஆடும். கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், தானாக மூடிக்கொள்ளும் கதவு, செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் கண்டால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஃபவுண்டேஷன் ரிப்பேர் கம்பெனியின் "இலவச" மதிப்பீடு விற்பனைப் பேச்சு. பியர் (ஃபவுண்டேஷனைத் தாங்க அடியில் இறக்கும் தூண்) ஏற்கெனவே போட்ட வீடு என்றால், வாரன்ட்டி புது உரிமையாளருக்கு மாறுமா, பியர் போட்ட பிறகு சாக்கடைக் குழாய்க்கு ஹைட்ரோஸ்டேட்டிக் டெஸ்ட் (கசிவுச் சோதனை) எடுத்தார்களா என்று காகிதம் கேளுங்கள். ஸ்லாபைத் தூக்கும்போது அடியிலுள்ள குழாய் உடைவது சகஜம்.

இன்சூரன்ஸ் கோட் ஆப்ஷனுக்குள்ளேயே வர வேண்டும். ஆலங்கட்டி மழைப் பகுதி என்பதால் கூரைக்கு வயதானால் சில கம்பெனிகள் முழு மாற்றுச் செலவு தராது, தேய்மானம் கழித்துத்தான் தரும். அது தெரியாமல் க்ளோஸ் செய்துவிட்டு முழிப்பவர்கள் அதிகம். எம்யூடி (தண்ணீர், சாக்கடை வசதிக்குத் தனி வரி போடும் உள்ளூர் அமைப்பு) இருந்தால் கான்ட்ராக்டுக்கு முன்பே அதற்கான நோட்டீஸ் வர வேண்டும், வரி விகிதத்தில் அதையும் கூட்டிப் பாருங்கள்.

மேசைக்கணக்கு

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஏஜென்ட் வேண்டுமா வேண்டாமா என்ற இரண்டே வழி இல்லை. டெக்சாஸில் ஏஜென்ட் தன் கமிஷனில் ஒரு பங்கை வாங்குபவருக்கே ரிபேட்டாகத் தரலாம். 2024க்குப் பிறகு எழுதும் பையர் ஒப்பந்தத்தில் தொகை திட்டவட்டமாக இருக்க வேண்டும், எந்த வழியிலும் அதற்கு மேல் ஏஜென்ட் வாங்கக் கூடாது. "வீடு நாங்களே தேடுகிறோம், ஆஃபர் முதல் க்ளோசிங் வரை மட்டும் நீங்கள்" என்று ஃப்ளாட் ஃபீக்கு ஆள் கிடைத்தால், விற்பவர் 2.5 தரத் தயாராக இருக்கும் வீட்டில் அந்த ஃபீ போக மீதியைக் கிரெடிட்டாகப் பேசலாம்.

புது பில்டர் வீட்டுக்கு மாறினால் கணக்கே வேறு. பெரும்பாலும் பில்டர் விலையைக் குறைக்க மாட்டார், அடுத்த வீட்டின் அப்ரைசல் கெடும் என்பதால் சலுகையெல்லாம் வட்டியில்தான். முதல் முறை போகும்போதே ஏஜென்ட் கூட வராவிட்டால் பிறகு சேர்க்கவும் விடமாட்டார்கள் பலர். ஒப்பந்தமும் டிஆர்இசி படிவம் அல்ல, பில்டர் எழுதியது. டெக்சாஸில் வரி ஜனவரி 1 நிலவரப்படி. அன்று வெறும் மனையாக இருந்தால் முதல் வருடம் மனைக்கு மட்டும் வரி, அடுத்த வருடம் எஸ்க்ரோவில் (வரி, இன்சூரன்ஸுக்கு லெண்டர் சேர்த்துவைக்கும் கணக்கு) பெரிய துண்டு விழும்.

வாடகைக்காலம்

நன்றி எல்லோருக்கும். பிடித்திருக்கும் ஒரு வீட்டின் உரிமையாளர் போன வருடமே இந்தியாவுக்குத் திரும்பிவிட்டாராம், வீடு காலி. அதனால் எங்களுக்கு ஏதாவது சிக்கலா?

ஸ்கெட்யூல்_பி

உண்டு. அது ஃபிர்ப்டா. விற்பவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டவர் என்றால், விலையில் ஒரு பகுதியைப் பிடித்து ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வருமான வரித்துறை) கட்டும் கடமை வாங்குபவருடையது. பிடிக்காவிட்டால் அந்தத் தொகைக்கு நீங்களே பொறுப்பு. நீங்கள் குடியிருக்க வாங்கினால் 3 லட்சம் வரை எதுவும் இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 10 சதவீதம், மற்றபடி 15 சதவீதம். 5 லட்சம் வீட்டுக்கு 50,000 டாலர். கைமாறி 20 நாளுக்குள் படிவம் 8288.

அவர் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்கிறாரா, இல்லையென்றால் இந்த வருடம் எத்தனை நாள் அமெரிக்காவில் இருந்தார் என்பதை வைத்துத்தான் தீர்மானமாகும். இந்த வருட நாட்கள், போன வருடத்தில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்தைய வருடத்தில் ஆறில் ஒன்று, கூட்டினால் 183 வர வேண்டும். இந்த வருடம் குறைந்தது 31 நாளாவது இருந்திருக்க வேண்டும். ஆஃபரோடு சேர்த்தே வெளிநாட்டவர் அல்ல என்ற பிரமாணப் பத்திரத்தைக் கேளுங்கள். தர முடியாது என்றால் பிடித்தம் யார் செய்வது, படிவத்தை யார் அனுப்புவது என்று டைட்டில் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். பவர் ஆஃப் அட்டர்னியில் கையெழுத்து என்றால் அதன் வரைவை டைட்டில் கம்பெனியும் உங்கள் லெண்டரும் க்ளோசிங்குக்கு இரண்டு வாரம் முன்பே பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

அஞ்சுமணிக்கெடு

இன்னொன்று. வயர் அனுப்பும் விவரம் ஈமெயிலில் "மாறிவிட்டது" என்று வந்தால், அந்த ஈமெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். கான்ட்ராக்ட் போட்ட அன்று நீங்களே குறித்துவைத்த டைட்டில் கம்பெனி எண்ணுக்கு அழைத்து, கணக்கு எண்ணை அவர்கள் வாயால் வாசிக்கச் சொல்லுங்கள்.