திறக்காத கண்ணாடிக் கூரையா, திறக்கிற சன்ரூஃபா? திருச்சி வெயிலுக்கு எது சரி?

மலைக்கோட்டை_மணி

வணக்கம் மக்களே. பத்து வருஷம் ஓட்டின பழைய ஹேட்ச்பேக்கைக் கொடுத்துட்டு எலக்ட்ரிக் கார் எடுக்கப் போறோம். சுத்திச் சுத்தி ரெண்டுல வந்து நிக்குது: ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், மஹிந்திரா பிஇ 6. விலை, ரேஞ்ச், சர்வீஸ் எல்லாம் வீட்ல பேசி முடிச்சாச்சு, தயவுசெஞ்சு அதைக் கிளறாதீங்க.

மிச்சம் இருக்கிறது கூரை மட்டும்தான். நாங்க பார்த்த வேரியண்ட்ல கிரெட்டாவுக்குத் திறக்கிற பனோரமிக் சன்ரூஃப், அதாவது முன்சீட்ல இருந்து பின்சீட் வரைக்கும் நீளுற கண்ணாடிக் கூரை. பிஇ 6-க்கு மேல கண்ணாடி, ஆனா திறக்காது. ஏழு வயசு மகளுக்குத் திறந்தே ஆகணும். அம்மாவுக்கு 68, வெயில் பட்டாலே தலைவலி. வீட்டுக்காரம்மா "எனக்குத் தகரமே போதும்"னு சொல்லிட்டு நகர்ந்துட்டாங்க. வண்டி ராத்திரி நிக்கிறது வாசல் வேப்பமரத்தடியில, பகல்ல ஆபீஸ் பொட்டல்ல. எதை எடுக்க?

கோவை_கிளட்ச்

மணி சார், இதுல யோசிக்க என்னங்க இருக்குது? திறக்காத கூரைக்குக் கண்ணாடி எதுக்குங்க? நான் மூணு வருஷமா திறக்கிறது வெச்சிருக்கேன். எல்லாரும் நினைக்கிற மாதிரி தலைய வெளிய நீட்டுறதுக்கு இல்லீங்க. மத்தியானம் வெயில்ல நின்ன வண்டியில ஏறினதும் கண்ணாடியோட பின் விளிம்பை மட்டும் தூக்கி விடுவேன். சூட்டுக் காத்து மேலதானே நிக்கும்? வண்டி நகர்ந்ததும் அதுவே வெளிய போயிரும். அப்புறம் ஏசி போட்டா சீக்கிரம் குளுருது.

இன்னொண்ணு. ஆழியார் தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மழை விட்ட கையோட கூரையைத் திறந்துட்டு அதுல ஏறிப் பாருங்க. அப்புறம் இந்தக் கேள்வியே கேட்க மாட்டீங்க.

வேளச்சேரி_வோல்ட்

கிளட்ச் ஜி, வால்பாறைக்கு வருஷத்துல எத்தனை தடவை போறீங்க?

என் போன கார் திறக்கிற பனோரமிக்தான். முதல் மாசம் தினமும் திறந்தேன். ரெண்டாவது மாசம் ஞாயித்துக்கிழமை மட்டும். ஆறாவது மாசம் சர்வீஸ்ல "சன்ரூஃப் நல்லா வேலை செய்யுதா சார்?"னு கேட்டாங்க, எனக்கே தெரியல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். ஊரே செஞ்ச மாதிரி நானும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்துல நிறுத்திட்டு நடந்து வீடு வந்தேன். மூணு நாள் கழிச்சுப் போய்க் கதவைத் திறந்தா மிதியடியில தண்ணி. கீழ வெள்ளத்துக்குத் தப்பின வண்டி மேல வழியா நனைஞ்சிருந்தது! கார்ப்பெட்டுக்கு அடியில இருக்கிற பஞ்சு காய ஒரு மாசம். அந்த வாடை வண்டியை விக்கிற வரைக்கும் போகல.

இப்ப இருக்கிறது திறக்காத கண்ணாடி. விண்ட்ஷீல்டு மாதிரி பசை போட்டு ஒட்டினது. தண்டவாளம், மோட்டார், கிரீஸ் ஒண்ணும் கிடையாது. எலக்ட்ரிக் கார்ல இன்னொரு காரணமும் இருக்கு. பேட்டரி தரைக்கடியில உக்கார்ந்துக்கிறதால தரை உசந்து போகுது, தலைக்கு மேல இடம் குறையுது. திறக்கிற சன்ரூஃப்போட சட்டம் அதுலயும் ரெண்டு விரல் தின்னுடும். டெஸ்லா மாடல் ஒய், பிஒய்டி சீல், அயோனிக் 5, விண்ட்சர்னு பலபேர் திறக்காத கண்ணாடிக்குப் போனதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். எங்க அண்ணன் ஆறடி ஒரு அங்குலம். பழைய கார் பின்சீட்ல தலைய சாய்ச்சுக்கிட்டே வருவார்.

மணி சார், உங்க மக எங்க உக்காருவா? பின்சீட்லதானே? பனோரமிக்ல முன் பாதிதான் நகரும். பின் பாதி எல்லா நாளும் மூடின கண்ணாடிதான்!

கோவை_கிளட்ச்

ஒரு தடவை ஒழுகினதுக்கு ஊர்ல இருக்கிற சன்ரூஃப் எல்லாம் ஓட்டைன்னு சொல்லப்படாதுங்க. எனக்கு மூணு வருஷத்துல ஒரு சொட்டு இறங்கல.

பட்டறைக்காரன்_மதுரை

கோவைக்கார அண்ணே, உங்களுதுலயும் தண்ணி இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. உங்க கண்ணுக்குத் தெரியல, அம்புட்டுத்தான்.

பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். திறக்கிற கூரையில ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணி வரும்னு தெரிஞ்சேதான் அதைச் செய்யுறாய்ங்க. கண்ணாடியைச் சுத்தி ஒரு வாய்க்கால், மூலைக்கு மூலை ஒரு ஓட்டை, ஓட்டையில சுண்டுவிரல் தண்டி ட்யூப். முன்னாடி ட்யூப் விண்ட்ஷீல்டு ஓரத் தூண் வழியா, பின்னாடி ட்யூப் பின்தூண் வழியா இறங்கி வண்டிக்கு வெளிய ஊத்தும். ட்யூப் அடைச்சுச்சுன்னா வாய்க்கால் நிரம்பித் தண்ணி உள்ள வரும். சென்னைக்கார அண்ணனுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

போன சித்திரையில ஒரு வண்டி வந்துச்சு. வேப்பமரத்தடியில நிக்கிற வண்டி, மணி சாருக்குன்னே வந்த மாதிரி. கண்ணாடியைத் திறந்து வாய்க்கால்ல விரலை விட்டா வேப்பம்பூ. கொட்டின பூவும் தூசியும் கிரீஸும் குழைஞ்சு, நகத்தால சுரண்டி எடுக்கிற பதத்துல கருப்பா உக்காந்திருக்கு. ட்யூபுக்குள்ள மெல்லிசான நைலான் நரம்பைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டு ஆட்டினேன், முன்சக்கரத்துப் பக்கம் கருந்தண்ணி ஊத்துச்சு. பத்து நிமிஷ வேலை. அந்தாளு அதுக்கு முன்னாடி வேற இடத்துல கம்ப்ரசர் காத்தை முழு வேகத்துல அடிச்சிருக்காரு. அதுல ஒரு பக்க ட்யூப் மேல வாய்க்காலை விட்டே கழண்டுபோச்சு. அதைத் திரும்ப மாட்ட ரூஃப் லைனிங்கையே இறக்க வேண்டியதாப் போச்சு.

இன்சூரன்ஸ்ல கூரைக் கண்ணாடி உடைஞ்சா கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டாய்ங்க. ரப்பருக்குப் பாதி கழிப்பாய்ங்க, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) இல்லைன்னா. ட்யூப் அடைச்சு நனைஞ்சதுக்குக் கேட்டீங்கன்னா பராமரிப்புக் குறைன்னு கையை விரிப்பாய்ங்க.

உச்சிவெயில்

எல்லாரும் தண்ணியைப் பத்தியே பேசுறீங்க. திருச்சியில மழை எத்தனை நாள், வெயில் எத்தனை நாள்? நான் பள்ளிக்கூடத்துல இயற்பியல் எடுக்கிறவன், கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்குங்க.

பெர்லின்ல ஜூன் மாசம் உச்சி நேரத்துலகூட சூரியன் 61 பாகைக்கு மேல ஏறாது. சாய்வாத்தான் அடிக்கும். நமக்கு அப்படியா? சென்னைக்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நிழலில்லா நாள். திருச்சிக்கு ஏப்ரல் 18 வாக்குல. அதாவது சித்திரை பிறந்த நாலஞ்சு நாள்ல சூரியன் நேரா கார் கூரைக்கு மேல நிக்குது. அந்த நேரத்துல ஒரு சதுர மீட்டர்ல விழுற வெயில் ஏறக்குறைய 1000 வாட். தலைக்கு மேல ஒரு இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டு உக்கார்ந்திருக்கிற மாதிரி.

ஷோரூம்ல "99 சதவீதம் யூவி தடுக்கும் சார்"னு சொல்வாங்க, யூவின்னா புற ஊதாக் கதிர். உண்மைதான். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம் வெச்ச லேமினேட்டட் கண்ணாடி யூவியை அனேகமா முழுசா நிறுத்திடும். ஆனா வெயிலோட ஆற்றல்ல யூவி அஞ்சு சதவீதம்கூட வராது. பாதிக்கு மேல அகச்சிவப்பு. சுடுறதுல பெரும்பங்கு அது. கருப்புக் கண்ணாடி அதை விழுங்கித் தானே சூடாகித் தலைக்கு மேல இருந்து கக்கும். தகரமும் சூடாகும், ஆனா தகரத்துக்குக் கீழ காத்து இடைவெளி, லைனிங்னு ரெண்டு தடுப்பு இருக்கு. உங்க வீட்டம்மா சொன்னதுதான் அறிவியல்.

வேளச்சேரி_வோல்ட்

வாத்தியார் சார் கணக்கு சரி. ஆனா எல்லாக் கண்ணாடியும் ஒண்ணில்லை. அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கிற பூச்சு போட்டது இருக்கு. போர்ஷே டெய்கான்ல பட்டனைத் தட்டினா கூரையே பால் மாதிரி வெளுத்துப் போற கண்ணாடி இருக்கு, அது நம்ம பட்ஜெட் இல்லை, விடுங்க. என் வண்டியில காலையிலயும் சாயங்காலமும் உள்ள இருக்கிற வெளிச்சமே தனி அழகு. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப மேல மேகத்தைப் பார்த்துட்டே வருவாங்க.

கோவை_கிளட்ச்

மத்தியானம் என்ன பண்ணுவீங்க ஜி? மறைக்காம சொல்லுங்க.

வேளச்சேரி_வோல்ட்

…வலைத்திரை வாங்கி மாட்டியிருக்கேன். கிளிப் போட்டது. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினா நடுவுல தொங்கி அண்ணன் தலையில உரசும்.

கோவை_கிளட்ச்

பாத்தீங்களா! மேகம் பார்க்கக் கண்ணாடி, கண்ணாடியை மறைக்க வலை. திறக்கிற பனோரமிக்ல கண்ணாடிக்குக் கீழயே சுருள் திரை வருதுங்க. என்னுதுல பட்டன்தான்.

ரெட்டைவால்_அம்மா

அண்ணன்மாரே, நடுவுல நான் ஒண்ணு கேக்கலாமா? ஏழு வயசுப் பொண்ணு "திறக்கணும்"னு சொன்னா அது டில்ட் பண்ணிச் சூட்டுக் காத்தை வெளியேத்தவா? எந்திரிச்சு நிக்கத்தான். எங்க வீட்லயும் ரெண்டு இருக்கு, எனக்குத் தெரியாதா. 2025-ல பெங்களூர்ல ஒரு பையன் சன்ரூஃப்ல நின்னுட்டு வரப்ப சாலைக்குக் குறுக்க இருந்த உயரத்தடுப்புக் கம்பி தலையில அடிச்ச வீடியோவைப் பார்த்ததுல இருந்து எங்க வண்டியில அந்தப் பட்டனுக்கு மேல பிளாஸ்திரி ஒட்டிட்டேன். போலீஸ் அபராதம் அப்புறம், பிரேக் ஒண்ணு அழுத்தினாலே புள்ள நிலைமை என்ன? திறக்காத கண்ணாடின்னா இந்தச் சண்டையே வராது. "திறக்காது கண்ணு, கம்பெனியே அப்படித்தான் செஞ்சிருக்கான்"னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கோவை_கிளட்ச்

அதுக்கு வளர்ப்பைச் சரி பண்ணணுமுங்க, கூரையை இல்லை.

ரெட்டைவால்_அம்மா

ஒரு வாரம் எங்க வீட்ல வந்து இருந்துட்டு அப்புறம் எழுதுங்க.

உச்சிவெயில்

பாயிண்ட் அந்த அம்மாவுக்கு. கூரைக் கண்ணாடிக்குக் கருப்பு ஃபிலிம் ஒட்டிக்கலாம்னு யாராவது கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. 2012-ல உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில கருப்பு ஃபிலிம் கூடாதுன்னு சொன்ன பிறகு போலீஸ் கண்ணு அதுமேலயே இருக்கு. அதோட, ஏற்கெனவே கருப்பான கண்ணாடிக்கு உள்பக்கம் இன்னொரு கருப்பு ஒட்டினா சூடு கண்ணாடியிலயே தங்கும். வாரண்டி போகுமான்னு எழுத்துல கேட்டுக்குங்க.

மலைக்கோட்டை_மணி

எல்லாருக்கும் நன்றி. அஞ்சு நாளா சத்தமில்லாம படிச்சுக்கிட்டிருந்தேன். நேத்து நாங்களே ஒரு பரீட்சை வெச்சோம்.

கூட வேலை பாக்கிறவர்கிட்ட திறக்காத கண்ணாடி வண்டி, வலைத்திரை போட்டது. மச்சான்கிட்ட திறக்கிற பனோரமிக், சுருள் திரையோட. ஆபீஸ் பொட்டல்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல 12 மணிக்கு நிறுத்தினோம். ஒன்றரைக்குப் போய், ரெண்டுலயும் திரையை ஒதுக்கிட்டுக் கண்ணாடியில உள்ளங்கையை வெச்சேன். ரெண்டுலயும் அஞ்சு எண்ணுறதுக்குள்ள கையை எடுத்துட்டேன். ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. திரையை மூடிட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தேன். வலையில சூடு அப்படியே இறங்குது. சுருள் திரை சுடத்தான் செய்யுது, ஆனா கையை வெச்சுக்கிட்டே பேச முடிஞ்சது.

அப்புறம் ஏசி போட்டு அம்மாவை ரெண்டு வண்டியிலயும் பின்சீட்ல பத்து நிமிஷம் உக்கார வெச்சேன். வலை போட்ட வண்டியில மூணாவது நிமிஷமே முந்தானையை எடுத்துத் தலைல போட்டுக்கிட்டாங்க. அடுத்ததுல போட்டுக்கல. வீட்டுக்காரம்மா பக்கத்துல நின்ன எங்க பழைய வண்டியில ஏறி உக்கார்ந்து, ஒண்ணும் பேசாம எங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க.

இவ்வளவு நாளும் கண்ணாடியையே பார்த்திருக்கோம், அதுக்குக் கீழ என்ன துணி இருக்குன்னு பார்க்கவே இல்லை. சனிக்கிழமை ரெண்டு ஷோரூமுக்கும் மறுபடி போறோம், திரையை இழுத்துப் பார்க்கத்தான்.

கோவை_கிளட்ச்

அப்ப ஜெயிச்சது திறக்கிறதுதானுங்க. எழுதி வெச்சுக்குங்க.

வேளச்சேரி_வோல்ட்

ஜெயிச்சது துணி ஜி. திறந்தா அந்தத் துணியும் மேல இருக்காது. சித்திரையில மூடியே வெச்சிருக்கப் போற கூரைக்கு எதுக்கு மோட்டார்? தடிமனான துணி எனக்கும் வெளிய கிடைக்கும். இன்னிக்கே தேடுறேன்.

உச்சிவெயில்

அப்படியே அம்மாகிட்ட தகரக் கூரையிலயும் பத்து நிமிஷம் உக்காரச் சொல்லியிருக்கலாம். பரீட்சைன்னா மூணையும் வெக்கணும்.

பட்டறைக்காரன்_மதுரை

மணி சார், திறக்கிறதுன்னு முடிவானா டெலிவரி அன்னிக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டு போங்க. கூரையைத் திறந்து முன்பக்கம் ரெண்டு மூலையிலயும் வாய்க்கால்ல கால் டம்ளர் மெதுவா ஊத்துங்க. சக்கரத்துப் பக்கம் ரெண்டு பக்கமும் சொட்டணும். ஒரு பக்கம் சொட்டலைன்னா கையெழுத்துப் போடாதீங்க. திறக்காததுன்னா கார் வாஷ்ல விட்டு ஒட்டின ஓரம் முழுக்க உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்க. அப்புறம் அந்த வேப்பமரம். பங்குனி சித்திரை ரெண்டு மாசத்துக்காவது வண்டியைத் தள்ளி நிறுத்துங்க.

மலைக்கோட்டை_மணி

டம்ளர் எடுத்து வெச்சாச்சு அண்ணே. மரத்தைப் பொறுத்தவரை, கூரைக்கு மேல வர்ற ஒரே ஒரு கிளையை மட்டும் கழிக்கலாமான்னு நேத்து ராத்திரி கேட்டேன். "கண்ணாடி போட்டது நீ, மரம் என்ன பண்ணுச்சு?"ன்னு கேட்டுட்டு அம்மா தூங்கப் போயிட்டாங்க.